முழுப்படத்தையும் பார்த்துவிட்டு மூடு

அத்தியாயம் ஒன்பது

நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைச் சோமசேகரம் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

"எனது கணவர் காலஞ்சென்ற இராகுலன் கீறிய படத்திலிருந்த பிழையே மேடை விழுந்ததற்குக் காரணம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்." அவ்வளவுதான் கடிதம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அதை என் முன்னால் நீட்டிய மனிதர், பக்கத்தில் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை.

"ஆறுதலா வாசியுங்கோ தங்கச்சி. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. அதுக்கு முதல் தந்தால் காணும்."

"நான் உங்கட தங்கச்சி இல்லை," என்றேன்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு தானாக வலது கடைவாய்க்குப் போகும். போன மாதம் பிடுங்கிய பல்லின் குழி அங்கே இருக்கிறது. ஒரு மாதமாக என் நாக்கு அந்தக் குழியில்தான் குடியிருந்தது.

நீலத்துறை படகுத்தளத்தில் சோமசேகரம் முகாமையாளர். என் கணவர் அங்கே படவரைஞர். ஜனவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை காலை, படகுகளுக்கு நிறம் பூச நிற்கிற இரும்பு மேடை சுவரோடு பிய்ந்து கீழே கொங்கிறீற்றில் விழுந்தது. மேலே நின்ற என் கணவரும் கிண்ணியாவைச் சேர்ந்த இரும்பு ஒட்டு வேலைக்காரர் ஆதம்பாவாவும் செத்துப்போனார்கள். மேடையைத் தாங்குகிற இரும்புத் தாங்கிகளை 1200 மில்லிமீற்றருக்கு ஒன்றாகச் சுவரில் இறுக்கியிருக்க வேண்டும். 1800-க்கு ஒன்றாக இறுக்கியிருந்தார்கள். படத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

ஆதம்பாவாவின் மனைவி நஜ்முன் நிஸாவின் வீட்டுக்கு ஒருமுறை போனேன். படலையைத் திறக்காமல், "உங்கட புருசன் கீறின கோட்டிலதான் என்ட புருசன் மவுத்தானாரு," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தைக்குப் பதில் இல்லாமல் நான் சாகக்கூடாது என்றுதான் பாக்கியரத்தினம் ஐயாவிடம் போனேன்.

அவர் முன்பு காப்புறுதிக்காரருக்காக எரிந்த கடைகளையும் மோதுண்ட லொறிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவர். இப்போது உட்துறைமுக வீதியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தனியாக விசாரணை அறை வைத்திருக்கிறார். கதை குறைவு. அவருக்கும் சேர்த்துக் கதைப்பதற்குப் பாயிஸ் இருந்தான். கிண்ணியாக்காரன், முப்பது வயதிருக்கும், கொஞ்சக் காலம் போனும் கணினியும் வைத்துக் கொமினிகேசன் கடை நடத்தியவன்.

அன்று மத்தியானம் மூவரும் ஓட்டோவில் வரும்போது ஐயா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வேலையில அவருக்கு என்ன பழக்கம் இருந்தது? வீட்டில தெரியிற மாதிரி ஏதும்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டைப் பூட்டிய பிறகு அவர் கேற்றடிக்குப் போய் நின்று, திரும்பி முழு வீட்டையும் ஒருதரம் பார்ப்பார். குசினி ஜன்னல், கொடியில் உடுப்பு, தண்ணீர்த் தாங்கி. பிறகு "இசட், ஈ, என்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளில் ஏறுவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பத்து வருசம் அதைக் கேட்டுச் சிரித்ததோடு சரி.

ஐயா அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பாயிஸ் மட்டும், "அது படம் கீறுற ஓட்டோகாட்டில ஒரு கட்டளை அக்கா. திரையில முழுப்படமும் வந்து நிக்கும். நான் அந்த வகுப்பில ரெண்டுதரம் பெயில். மூண்டாந்தரம் வாத்தியாரே வந்து, போதும் தம்பி எண்டுட்டாரு," என்றான்.

இப்போது சோமசேகரத்தின் அறையில் ஐயா கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். "படத்தைப் பார்க்கலாமோ?"

"தாராளமாய்ப் பாருங்கோ. ஒளிக்க என்ன கிடக்கு?" சோமசேகரம் எழுந்தார். "விழுந்த நாளிலயிருந்து அந்தப் படத்தை ஒருத்தரும் திறந்ததில்லை. நான்தான் தொட வேண்டாம் எண்டு உத்தரவு போட்டனான். விசாரணைக்கு வேணுமெண்டு கவனமாய் வைச்சிருக்கிறம்."

"நல்ல வேலை செய்திருக்கிறியள்," என்றார் ஐயா. அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

படவரைவு அறையில் இரண்டு கணினிகள். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம், ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன. என் கணவரின் கதிரையில் மதுசன் இருந்தான். அவருக்குக் கீழே வேலை பழகியவன். செத்தவீட்டில் என் காலடியில் விழுந்து அழுதவன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வீட்டுக்கு மரக்கறி கொண்டுவந்து தந்தவன்.

"வாங்கோ அக்கா," என்று எழுந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டான்.

"நீங்கள் இருங்கோ தம்பி. படத்தைத் திறவுங்கோ," என்றார் ஐயா.

மதுசன் திறந்தான். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் எண் எழுந்தது: 1800. இருபக்கமும் அம்புக்குறி, கீழே ஒரு தாங்கியின் மூலை. வேறு ஒன்றுமில்லை. மதுசன் உடனே மௌஸின் சில்லை உருட்டினான். எண் சுருங்கிக்கொண்டே போய், இரண்டு தாங்கிகளும் சுவரும் மேடையின் ஒரு துண்டுமாகப் படம் முழுதாகத் தெரிந்தது. எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

"ஒரு தாங்கிக்கும் அடுத்ததுக்கும் 1800. இதே இடைவெளி கடைசிவரைக்கும் எண்டு பக்கத்தில குறிப்பு," என்றார் சோமசேகரம். "வேலைக்காரர் இதைப் பார்த்துத்தான் இறுக்கினவை. போதுமே?"

பாயிஸ் குனிந்தான். "மதுசன் தம்பி, டைம் எண்டு தட்டுங்க. இந்தப் படம் எப்ப பிறந்தது, கடைசியா எப்ப ஆள் தொட்டது எண்டு எல்லாம் சொல்லும். எங்கட ஊர் விதானையை விட நல்லா விசாரிக்கும்."

மதுசனின் விரல் கொஞ்சம் தயங்கியது. தட்டினான். திரையில் வரிகள் வந்தன. கடைசியாகச் சேமித்தது: ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை, 12.50.

சோமசேகரம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"மேடை விழுந்தது திங்கள். இது வெள்ளி. உங்கட மனுசன் உயிரோட இருந்த நேரம். அவற்ற மிசின். இன்னொண்டும் சொல்லுறன். கீழ விழுந்து கிடக்கேக்க அவற்ற கையில அளவு நாடா கிடந்தது. பூட்டு விழுந்து 1800-இல நிண்டது. தான் போட்ட அளவு சரியோ எண்டு பார்க்கத்தான் மேல ஏறியிருக்கிறார். இதுக்கு மேல என்ன வேணும்?"

நாடாவைப் பற்றி எனக்குத் தெரியும். ஆசுபத்திரியில் தந்த பையில் இருந்தது. இழுத்தபடியே அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக இரவில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்: அவர்தான் எழுதினாரா?

"சரி, பார்த்தாச்சு. மூடு மதுசன்," என்றார் சோமசேகரம்.

மதுசன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினான். மாற்றங்களைச் சேமிக்கவா என்று ஒரு சிறிய பெட்டி கேட்டது. மௌஸின் அம்பு 'ஆம்' என்பதன் மேல் போய் நின்றது.

"கையை எடுங்க!"

பாயிஸ் அப்படிக் கத்துவான் என்று நான் நினைக்கவில்லை. வெளியே மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பார்த்தது மட்டும்தான?" என்றான், குரலை இறக்கி. "பார்க்க வந்த வீட்டில சுவருக்கு நிறம் அடிச்சிட்டா போறது? வேண்டாம் எண்டதை அழுத்துங்க."

மதுசன் அழுத்தினான். அவனுடைய நெற்றியில் வியர்வை. மின்விசிறி தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறுத்தியது என்னவென்று விளங்கியது. எழுந்து நின்றேன்.

"திரும்பத் திறவுங்கோ. திறந்திட்டு ஒண்டையும் தொடாதேங்கோ."

திறந்தான். மறுபடியும் திரையை அடைத்துக்கொண்டு 1800.

"படம் ஏன் இப்படித் திறக்குது தம்பி பாயிஸ்?"

"கடைசியாச் சேமிச்ச ஆள் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாரோ, அதே இடத்திலதான் திறக்கும் அக்கா."

"அப்பிடியெண்டால் இதைக் கடைசியாச் சேமிச்சது அவர் இல்லை."

திரையை விரலால் தொட்டுக் காட்டினேன். "வீட்டையே முழுசாப் பார்க்காமல் பூட்டாத மனுசன். அவற்ற மற்றப் படங்களைத் திறவுங்கோ. ஒவ்வொண்டாய்."

பாயிஸ் மதுசனைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டுத் தானே திறந்தான். படகு ஏற்றும் சாய்தளம். முழுத்தாளும் நடுவில் அழகாக நின்றது. தண்ணீர்த் தொட்டி, முழுத்தாள். கப்பல்துறையில் கட்டிய களஞ்சியம், முழுத்தாள். ஏழு படங்கள். ஏழையும் அவர் மூடும்முன் நாலடி பின்னால் போய் நின்று பார்த்திருக்கிறார்.

"ஒருநாள் அவசரத்தில மறந்திருப்பார்," என்றார் சோமசேகரம். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இருக்கலாம்," என்றார் ஐயா. "பாயிஸ், அந்தக் கோட்டை அள."

பாயிஸ் டி, ஐ என்று இரண்டே எழுத்துத் தட்டி, ஒரு தாங்கியில் ஒருதரமும் அடுத்த தாங்கியில் ஒருதரமும் அழுத்தினான். கீழே விடை வந்தது: 1200.

"பாருங்க சேர். கோட்டுக்கு வயசு 1200. அடையாள அட்டையில 1800." கோட்டின் மேல் அழுத்தி, அதன் விபரங்களைப் பக்கத்தில் விரித்தான். "அளவை ஓட்டோகாட் தானா அளந்துதான் எழுதும். ஆனா அதுக்கு மேல கையால வேற எண்ணைத் தட்டலாம். தட்டினாலும் கோடு மாறாது, எழுத்துத்தான் மாறும். இந்தா, இந்தக் கட்டத்தில ஒருத்தர் 1800 எண்டு தட்டியிருக்கிறார். இதை அழிச்சா..."

அழித்தான். திரையில் 1800 மறைந்து 1200 வந்து நின்றது.

ஒரு மாதமாக அந்த எண் அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு பொய்க்குக் கீழே, ஒருத்தரும் அளந்து பாராமல்.

"இராகுலனே தட்டியிருக்கலாம்," என்றார் சோமசேகரம். "அவற்ற மிசின்தானே?"

"அதையும் கேப்பம்," என்றான் பாயிஸ். மாற்றத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு, படம் இருந்த கோப்புறையைத் திறந்தான். அதே பெயரில் இன்னொரு கோப்பு இருந்தது. பெயரின் முடிவில் மட்டும் 'பக்' என்று வேறு எழுத்து. "ஒவ்வொரு தரம் சேமிக்கேக்கையும் அதுக்கு முந்தின படத்தை இது ஒளிச்சு வைக்கும். இன்னொருக்கா சேமிச்சா அதுவும் போயிடும். நல்லகாலம், முகாமையாளர் ஐயா ஒருத்தரையும் தொட விடயில்ல."

இரண்டு கோப்புகளையும் தன் பென் ட்ரைவில் பிரதி எடுத்தான். 'பக்' கோப்பின் பிரதியை மட்டும் பெயர் மாற்றித் திறந்தான்.

முழுத்தாள் நடுவில் வந்து நின்றது. அளவு 1200. டைம் என்று தட்டினான். அதே வெள்ளிக்கிழமை, காலை 9.10.

"ஒன்பது பத்துக்கு 1200. பன்னிரண்டு ஐம்பதுக்கு 1800," என்றார் ஐயா. என் பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளி மத்தியானம் அவர் எங்க இருந்தவர் பிள்ளை?"

என் நாக்கு குழியில் இருந்தது. அதை எடுக்காமலே சிரித்துவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அதுவும் கோபச் சிரிப்பு.

"என்னோட. எனக்குப் பல்லுப் பிடுங்கினவை. ஒன்பதரைக்கு அரைநாள் லீவு போட்டிட்டு வந்தவர். பல்லு டொக்டர் ஒரு மணிக்குத்தான் எங்களை விட்டவர்." கைப்பையிலிருந்து பல் கிளினிக் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். திகதி, வந்த நேரம், விட்ட நேரம், கீழே என் கணவரின் கையெழுத்து. விறைப்பு ஊசியில் எனக்குத் தலை சுற்றியதால் அவர்தான் போட்டார்.

"இப்ப மதுசன் தம்பியின்ர படங்களைப் பார்ப்பம்," என்றார் ஐயா, மற்றக் கணினியைக் காட்டி.

பாயிஸ் போய்த் திறந்தான். முதலாவது ஒரு கதவின் பிணைச்சலில் திறந்தது. இரண்டாவது ஒரு படிக்கட்டின் மூலையில். மூன்றாவது ஓர் எண்ணில்; அளந்து பார்த்தால் கோடு 900, எழுத்து 950.

"கீறுறதை விடத் தட்டுறது லேசு, என்ன?" என்றான் பாயிஸ். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

மதுசன் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துச் சொன்னான். "அண்ணை ஒவ்வொரு நாளும் ஏசுவார் அக்கா. முழுப்படத்தையும் பார்த்திட்டு மூடடா எண்டு. அண்டைக்கு முகாமையாளர் சேர் பக்கத்தில நிண்டவர். இரும்பு லொறி வரயில்லை, திங்கள் படகு ஏத்தவேணும், இருக்கிற தாங்கியை வைச்சு மேடையை முடிக்கவேணும் எண்டவர். அண்ணை ஏலாது எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டார். அதால அவர் லீவில போன நேரம் பார்த்து..."

"வாயை மூடு!" சோமசேகரம் சுவரடிக்குப் பாய்ந்து பிரதான மின் ஆழியை அணைத்தார். இரண்டு திரைகளும் கறுத்தன. மின்விசிறி மெல்ல நின்றது. "என்ன ஆதாரம்? இப்ப காட்டுங்கோ பார்ப்பம்!"

பாயிஸ் சட்டைப்பையில் இருந்த பென் ட்ரைவைத் தட்டிக் காட்டினான். "பிரதி எடுக்காம நான் தேத்தண்ணியும் குடிக்கிறதில்ல சேர்."

"அதோட, விசாரிக்கிற ஆக்களுக்கு முன்னால ஆழியை அணைச்ச மனுசன் எண்டும் நான் எழுதுவன்," என்றார் ஐயா.

நான் மதுசனுக்கு முன்னால் போய் நின்றேன். அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. "எந்த முகத்தோடயடா எனக்கு மரக்கறி கொண்டுவந்து தந்தனீ?" என்று கேட்டேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அந்த அழுகையை நான் முன்பே ஒருதரம் பார்த்திருந்தேன். இரண்டாந்தரம் நின்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை.

போகிற வழியில் சோமசேகரத்தின் அறையில், ஆறிப்போன பிளேன்ரீக் கோப்பையின் கீழே கடிதத்தை வைத்துவிட்டு வந்தேன். வட்டம் வெறுமையாகவே இருந்தது.

ஓட்டோ கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது நாலரை மணி. நஜ்முன் நிஸா, கணவன் செத்தால் வீட்டுக்குள் இருந்து காக்கிற இத்தாவில் இருக்கிறார். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். ஐயாவும் பாயிஸும் வீதியிலேயே நின்றார்கள். நான் படலையைத் தட்டினேன். பாயிஸ் எழுதித் தந்த துண்டைப் படலைக்கு மேலால் நீட்டினேன். 9.10க்கு 1200. 12.50க்கு 1800. யார் தட்டியது, யார் சொல்லித் தட்டியது. அவ்வளவும் அதில் இருந்தது.

அவர் வெள்ளை உடுப்போடு முற்றத்தில் நின்று அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு முதல் தடவையாகப் படலை திறந்தது.

"உள்ளுக்கு வாங்க," என்றார். என்னை இருத்திவிட்டுத் தன்னுடைய போனை எடுத்து வந்தார். "அண்டைக்குக் காலையில இவரு எனக்கு வொய்ஸ் அனுப்பினாரு. நாளைக்கு விசாரணையில போட்டுக்காட்ட என்ட கூடப்பிறந்த நானாட்டச் சொல்லி வைச்சிருந்தன். உங்கட புருசன் பயந்து கழண்டுபோட்டாரு எண்டு காட்டத்தான். இப்ப நீங்க கேளுங்க."

அழுத்தினார்.

முதலில் காற்று. பிறகு ஆதம்பாவா: "நிஸா, பொறு, பிறகு கதைக்கிறன். இராகுலன் சேர் நாடாவோட மேல ஏறி வந்து நிண்டு கத்துறாரு..." அவருக்குப் பின்னால், தூரத்தில், பத்து வருசம் நான் கேட்ட குரல்.

"இறங்குங்கோ! ஆதம்பாவா, எல்லாரையும் இறக்கு! இது நான் கீறினது இல்லை! இறங்குங்கோடா!"

அதோடு முடிந்தது. பதினொரு விநாடி.

"நான் கீறினது இல்லை எண்டதை மட்டும்தான் நான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கன்," என்றார் நஜ்முன் நிஸா. "ஒரு மாசமா. இறங்குங்கோ எண்டதை நான் கேட்கவே இல்ல."

வீதியில் பாயிஸ் ஓட்டோக்காரனோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தான். நஜ்முன் நிஸா போனை என் கைக்குள் வைத்து, என் விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடித்தார்.

"எனக்கு நாளைக்கு வெளிய வர ஏலாது. இத கொண்டுபோங்க. அதுக்குள்ள இருக்கிற ரெண்டு பேரும் வந்து சொல்லட்டும்."